லயத்து இஸ்தோப்பில் ஒரு கமெரா

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் துரையின் பங்களா எங்கே என்று யாரும் விசாரித்துப் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் எது நல்ல மேடோ அங்கேதான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் தொழிற்சாலை தெரியும், பெரட்டுக்களம் தெரியும், கொழுந்து மலைகள் தெரியும், கீழே வரிசையாகத் தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகள் தெரியும். லயத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் பங்களாவின் மரங்களும் கேட்டும்தான் தெரியும். ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலைகளில் பார்வை மேலிருந்து கீழாகவே ஓடியது.

இன்று நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால், லயத்து இஸ்தோப்பின் கூரைச் சட்டத்தில் கைப்பிடி அளவு வெள்ளைக் கமெரா பூட்டியிருப்பதை அங்கங்கே பார்க்கலாம். அது காட்டும் படத்தைப் பார்க்கிறவர் துரையல்ல, கங்காணியல்ல. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் பார்க்கிறான். கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் பார்க்கிறார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன தாய் பார்க்கிறாள். தன் வீட்டைத் தூரத்திலிருந்து தானே பார்த்துக்கொள்ளும் வசதி இந்த மக்களுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அது பெரிய மாற்றம். அந்தப் பார்வை யார் யார் கையைத் தாண்டி வந்து சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது முழுதாக நம்முடையதாகும்.

அன்று: கணக்கெடுத்த கண்கள்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இரண்டு பத்தாண்டுகளில் கோப்பியை இலைநோய் அழிக்க, மலை முழுவதும் தேயிலையாக மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். தேயிலை வருஷம் முழுவதும் கொழுந்து விடும். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கட்டியதுதான் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

விடியலில் தப்புச் சத்தம் கேட்கும். பெரட்டுக்களத்தில் பேர் பதியும். மலைக்குப் போனால் நிரைக்கு மேலே கங்காணி நிற்பார். அவரைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார், அவரைச் சின்னத் துரை பார்ப்பார், எல்லோரையும் பெரிய துரை பார்ப்பார். மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசு முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பறித்தவள் எட்டிப் பார்க்க முடியாது. நிறுக்கிறவர் சொன்னதுதான் எடை.

காகிதமும் ஒரு கண்ணாக இருந்தது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. வெளியாள் தோட்டத்துக்குள் வருவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். தொழிலாளரின் நிலையை நேரில் காண விரும்பிய, பின்னாளில் தொழிற்சங்கத் தலைவரான கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் போய் வந்தார். பார்க்க வந்தவனே வேடம் போட வேண்டியிருந்த காலம் அது.

தாய்மாருக்கு வேறொரு பாடு. கைப்பிள்ளையைக் காலையில் பிள்ளைக் காம்பிராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். நடுவில் பால் கொடுக்க ஓடி வருவார்கள். மற்ற நேரமெல்லாம் பிள்ளை அழுகிறதா, தூங்குகிறதா, தெரியாது. நெஞ்சில் பால் கட்டும்போதுதான் பிள்ளைக்குப் பசித்திருக்கும் என்று தெரியும்.

தூரத்துச் செய்தி என்றால் தபால். அதிலும் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. பேர், பிரிவு, தோட்டம், ஊர் என்று எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஆபீசில் கிடந்து நாள் கடந்து வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தால் வேலையை இழந்தவர்களின் கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தொலைபேசி பங்களாவிலும் ஆபீசிலும் இருந்தது. சாவுச் செய்தி தந்தியாக வந்தது.

இடையில் வந்த வெளிச்சம்

இந்த மலைகளின் ஆறுகளை மறித்துத்தான் நாட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். லக்சபான மின்நிலையம் 1950இலேயே ஓடத் தொடங்கியது. அதன் கம்பிகள் தலைக்கு மேலே போக, கீழே லயங்களில் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தபோது அதன் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகலையில் நின்றது. லயத்தில் டிவி வந்ததோ கரண்ட் வந்த பிறகுதான். சில வீடுகள் கார் பற்றரியில் பார்த்தன.

கைப்பேசி வந்தபோது நிலைமை வேகமாக மாறியது. ஆனாலும் மலை மலைதான். ஒரு முகட்டில் கோபுரம் இருந்தால் மறு சரிவில் சிக்னல் இருக்காது. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, ஒன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அதன் பிறகுதான் சிம் போட்ட வீட்டு ரவுட்டர்கள் தோட்டங்களுக்குள் பரவலாக நுழைந்தன. படிப்புக்காக வாங்கிய அந்தப் பெட்டியில்தான் இன்று கமெராவும் தொற்றிக்கொள்கிறது.

இன்று: படம் வருதா?

தோட்டத்தில் இப்போது வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். இளையவர்கள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளை அம்மாயியிடம் வளரும் வீடுகள் ஏராளம். மருந்து குடித்தாரா, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததா, மழையில் பின்சுவர் நிற்கிறதா என்ற கவலைகள்தான் கமெரா வாங்க வைக்கின்றன. கள்ளன் பயம் அதற்குப் பிறகுதான். இரவில் நாயைத் தூக்க வரும் சிறுத்தையும் சில வீடுகளில் கமெராவில் விழுகிறது.

பூட்டுகிற வேலை பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. டவுனிலிருந்து ஒரு இளைஞர் துளைக்கருவியோடு வருவார். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ கோலில் நிற்பார். நடுவில் அம்மா.

“அம்மா, ரவுட்டர்ல பச்ச லைட்டு எரியுதா?”

“ஜன்னல்கிட்ட வச்சா எரியுது. உள்ளுக்கு வச்சா செவப்பாயிருது.”

“அப்ப அங்கனயே இருக்கட்டும். தம்பி, படம் வருதா?”

“எனக்கு நல்லா வருது அண்ணே. உங்களுக்குத்தான் வரல.”

எல்லாச் சிக்கலும் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. இஸ்தோப்பில் நிற்கிறவர் போனில் படம் வருகிறது, கட்டாரில் இருப்பவருக்கு வரவில்லை. ஏன் என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

வீட்டு ரவுட்டர் கமெராவுக்கு ஒரு உள் எண் கொடுக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அந்த எண் வீட்டுக்குள் மட்டும் செல்லும். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண் இருக்கிறது. வெளியிலிருந்து கமெராவை நேரடியாக அடைய வேண்டுமானால் ரவுட்டருக்கு உலகத்தில் தனித்த ஒரு பொது எண் இருக்க வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் அப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 430 கோடி அளவுதான். ஆசிய பசிபிக் நாடுகளுக்குரிய இருப்பு 2011 ஏப்ரல் 15இல் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே தொலைபேசி நிறுவனங்கள், விசேஷமாகச் சிம் போட்ட இணைப்புகளில், பல வாடிக்கையாளர்களைச் சேர்த்து ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் உலக அளவில் ஒதுக்கப்பட்டன.

தோட்டத்துத் தபாலை நினைத்தால் இது சட்டென்று விளங்கும். முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால், யாருக்கென்று ஆபீசுக்குத் தெரியும், கொடுத்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் புதிதாக எழுதினால் எந்த லயத்துக்கு என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். உங்கள் வீடு வெளியே கேட்டதற்கு விடை வரும். வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வருவது வராது. மகனின் போன் கதவைத் தட்டுகிறது, தட்டுகிற சத்தம் ஆபீசோடு நின்றுபோகிறது.

உங்கள் வீட்டு நிலை எது என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு வெளியிலிருந்து கிடைத்த எண்ணைப் பாருங்கள். பிறகு உங்கள் இணைப்பு வெளியுலகுக்கு எந்த எண்ணாகத் தெரிகிறது என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குத் தனிப் பொது எண் உண்டு. வேறானால் பலரோடு பங்கு போட்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட்டை, அதாவது உள்ளே வரும் வாசலை, திறந்தாலும் பயன் இல்லை.

மூன்று வழிகள்

இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான கமெராக்கள் முதல் வழியில் வேலை செய்கின்றன. அடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைப் போனில் எடுத்தால் முடிந்தது. கமெரா தானாகவே தயாரித்த நிறுவனத்தின் சேவையகத்தோடு ஓயாமல் தொடர்பில் இருக்கும். மகனின் போனும் அதே சேவையகத்துக்குப் போகும். அது இருவரையும் அறிமுகப்படுத்தும். முடிந்தால் நேரடியாக இணைத்துவிடும், முடியாவிட்டால் படத்தைத் தன் வழியாகவே அனுப்பும். பொது எண் இல்லாத வீட்டுக்கும் இது ஒத்துவரும், தோட்டத்தில் பரவியதற்கும் இதுவே காரணம். ஆனால் அம்மாவின் இஸ்தோப்புக்கும் மகனின் போனுக்கும் நடுவில், எந்த நாட்டிலோ ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிறுவனம் சேவையை நிறுத்தினால் கண் குருடு. கணக்கின் கடவுச்சொல் களவு போனால் கள்ளனுக்கும் படம் தெரியும்.

இரண்டாவது வழி, தொலைபேசி நிறுவனத்திடம் பொது எண் கேட்டு வாங்கி, ரவுட்டரில் கமெராவுக்கென்று ஒரு போர்ட்டைத் திறப்பது. எண் மாறிக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு நிலையான பெயர் கொடுக்கும் டிடிஎன்எஸ் சேவையையும் சேர்க்க வேண்டும். நடுவில் ஆள் இல்லை. ஆனால் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவு. இணையத்தில் திறந்து கிடக்கும் கமெராக்களை இரவு பகலாகத் தேடும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்தது. அது முயன்று பார்த்தது அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளைத்தான். அப்படிப் பிடித்த சாதனங்களைக் கொண்டு அதே வருஷம் ஒக்டோபர் 21இல், இணையத்தளப் பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. யாரோ ஒரு வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கமெரா, வீட்டுக்காரருக்கே தெரியாமல் இன்னொருவருடைய அடியாள் ஆனது.

மூன்றாவது வழி வீட்டுக்கும் மகனின் போனுக்கும் இடையே மறையாக்கம் செய்த ஒரு தனிப்பாதை போடுவது. விபிஎன் என்பது இதுதான். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் பொது எண் இல்லாத வீட்டிலும் இந்தப் பாதையைப் போட்டுக் கொடுக்கின்றன. வீட்டில் எப்போதும் எரியும் ஒரு சிறு கணினி வேண்டும். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகையே போதும். ஆரம்பத்தில் ஒரு நாள் மினக்கெட வேண்டும். ஆனால் கதவு உங்கள் வீட்டாருக்கு மட்டும் திறக்கும். படித்த பிள்ளை ஒன்று இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

எந்த வழியானாலும் பூட்டியவர் கிளம்பும் முன்பு மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும். கமெராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். கணக்கு வீட்டாரின் இலக்கத்தில், இரண்டடுக்குச் சரிபார்ப்போடு இருக்க வேண்டும். கமெராவின் மென்பொருளைப் புதுப்பித்திருக்க வேண்டும். பூட்ட வந்தவரின் போனிலேயே கணக்கைத் திறந்து, அவர் வைத்த கடவுச்சொல்லிலேயே வருஷக்கணக்கில் ஓடும் கமெராக்கள் எத்தனையோ. அவர் நல்லவராகவே இருக்கட்டும், வீட்டுச் சாவியை யாரும் கொத்தனாரிடம் விட்டுவைப்பதில்லை.

மலைக்கு ஏற்ற மாதிரி

மலைநாட்டுக் கமெராவுக்கு மலைநாட்டுச் சங்கடங்கள் உண்டு. இரவில் கமெரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை வீசித்தான் பார்க்கிறது. மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். லென்ஸ் பக்கத்தில் சிலந்தி ஒரு நூல் கட்டினாலும் அப்படித்தான். கமெராவின் உள்விளக்கை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு சாதாரண பல்பைப் போட்டால் படம் தெளியும்.

டேட்டாவும் காசுதான். விநாடிக்கு 2 மெகாபிட் ஓடும் தெளிவான படம் ஒரு மணி நேரத்தில் 900 மெகாபைட் தின்னும். நாள் முழுக்க ஓடினால் 21 கிகாபைட்டுக்கு மேல். நாட்சம்பளக்காரர் வீட்டுக்கு அது கட்டாது. பதிவைக் கமெராவிலேயே மெமரி கார்டில் வைத்து, வேண்டும்போது மட்டும் சிறிய படமாகத் திறந்து பார்ப்பதே முறை. கரண்ட் போனாலும் ரவுட்டரும் கமெராவும் சில மணி நேரம் நிற்க 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது நாடு முழுக்க அதன் அருமையை அறிந்தது.

கமெரா செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது, பல இடங்களில் பாதையும் கரண்டும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்தன. படம் தெரியவில்லை என்பது அன்று எதையும் சொல்லவில்லை. நிலம் வெடிக்கிறதா, ஊற்று கலங்குகிறதா, மரம் சாய்கிறதா என்று பார்ப்பதும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் உடனே எழுந்து போவதும்தான் உயிரைக் காக்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும்.

பார்க்கப்படுகிறவரின் சம்மதம்

லயம் தனி வீடல்ல. என் இஸ்தோப்பில் பூட்டிய கமெரா சற்றுத் திரும்பினால் அடுத்த வீட்டு வாசலும், குழாயடியும், குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரும் பெண்களும் அதில் விழுவார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்க வீட்டுத் தேவைக்காகச் செய்யும் காரியங்களைத் தொடுவதில்லை. ஆகவே அங்கே நியாயத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டும் முன்பு இரண்டு பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, “ஒங்க வாசல் இதுல விழுதா பாருங்க” என்று கேட்பது பெரிய வேலையல்ல. விழுந்தால் கமெராவைத் திருப்பலாம், அல்லது படத்தில் அந்தப் பகுதியைக் கறுப்பால் மறைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். காம்பிராவுக்குள் கமெரா வேண்டவே வேண்டாம்.

அம்மாவிடமும் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கங்காணியின் பார்வைக்குக் கீழே கொழுந்து பறித்தவர் அவர். ஓய்வுக் காலத்தில் மகனின் கண்ணென்றாலும், எந்நேரமும் தலைக்கு மேல் இருப்பது அவருக்குப் பாரமாக இருக்கலாம். “ஏன் இன்னிக்குத் தோட்டத்துப் பக்கம் போனீங்க, ஏன் அந்த வீட்ல பேசிக்கிட்டு நின்னீங்க” என்று கட்டாரிலிருந்து விசாரிக்கத் தொடங்கினால், நாமும் பங்களாவில் ஏறி உட்கார்ந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். கமெராவை எப்படி அணைப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் அணைத்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

இனி

2023இல் மலையகத் தமிழர் தாங்கள் வந்த 200 வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடைப் பயணத்தின் கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்னால் நின்றன. இந்தியாவின் உதவியில் வந்த தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் உண்டு. ஆனாலும் இன்றும் பெருந்தொகையானோர் லயத்திலேயே இருக்கிறார்கள். கமெரா பூட்டியிருக்கும் சுவர் அவர்களுக்குச் சொந்தமில்லை. பல வீடுகளுக்குத் தபால் முகவரி இன்னும் ஒழுங்காக இல்லை. இணையத்திலும் அவர்களுக்குத் தனி முகவரி இல்லை, ஒருவருக்குப் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள். புதிய ஐபிவி6 முறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண் கொடுக்க இடமுண்டு. அது வீட்டு ரவுட்டர் வரை, தகுந்த தடுப்புச் சுவரோடு, தோட்டங்களுக்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமானது. கண்ணாடி நார் இணைப்பு டவுன் எல்லையில் நிற்காமல் லயம் வரை வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமானது.

அதுவரை நம்மால் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தரம் படித்த நாலு பிள்ளைகள் கடவுச்சொல் மாற்றவும், கணக்கைச் சரிபார்க்கவும், பொது எண் இருக்கிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொண்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் ஒரு பிரிவில் இருக்கும் அத்தனை கமெராவையும் சரி செய்துவிடலாம். பார்க்கும் உரிமைக்காக இந்த மக்கள் கொடுத்த விலை பெரிது. கிடைத்த பிறகு அதன் சாவியை முன்பின் தெரியாதவன் கையில் விட்டுவைக்கக் கூடாது. வீட்டுக்கு முகவரி, காணிக்கு உறுதி, கமெராவுக்குச் சொந்தக் கடவுச்சொல். முதல் இரண்டையும் அரசாங்கத்திடமிருந்து போராடித்தான் வாங்க வேண்டும். மூன்றாவதை இன்று மாலையே மாற்றிவிடலாம்.